ஒன்பதாம் பிளாக்கில் ஓய்வில் இருக்கிறது

பதினோரு வருஷம் முதுகில் மருந்துத்தொட்டி.
பதினெட்டு லிட்டர்.
செம்பனை வரிசைக்குள் புல்லைக் கொல்வது வேலை,
நகம் மஞ்சளானது சம்பளத்தில் சேராது.

பிறகு கம்பெனி மாடு வாங்கியது.
புல்லை மாடு தின்னும், மாட்டை ஊர் தின்னும்,
மருந்துச் செலவு மிச்சமென்று
பாகாவ் ஆபீசில் கணக்குப் போட்டார்கள்.
அந்த மிச்சத்துக்குள் ஆறு பெண்கள் இருந்தோம்.
ஐந்து பேர் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார்கள்.
"புஷ்பவல்லிக்கு எழுதப் படிக்கத் தெரியும்" என்று
என் கையில் ஒரு கைப்பேசியும்
சுரைக்காய் நீளத்துக்கு ஒரு கருவியும் தந்தார்கள்.

இப்போது பெரட்டு மாடுகளுக்கு.
எங்கள் பெயரைக் கூப்பிட்ட அதே களத்தில்
இரும்புச் சந்து போட்டு
ஒவ்வொன்றாய் நடத்துகிறோம், நானும் சுபியானும்.
மஞ்சள் வில்லைக் காதருகே கருவியை நீட்டினால்
கீச்.
முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ. நாலு ஏற்றம்.
கீச்.
இருநூற்றுத் தொண்ணூறு. ஏற்றமில்லை, பூச்சி மருந்து கொடு.
கீச்.
இது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு. வேலியோரம் ஒதுக்கு.

வெள்ளிக்கிழமை நான் மரக்கறி.
மற்ற நாளிலும் மாடு என் சட்டிக்குள் வந்ததில்லை.
அதன் எடை மட்டும்
தினமும் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறது.

மூன்று நாளுக்கொரு முறை வேலியை நகர்த்துவோம்.
இரண்டு கம்பி, ஒரு சூரியத் தகடு, ஒரு பெட்டி.
மீட்டர் இருந்தும் சுபியான்
புல்லிதழைக் கம்பியில் வைத்துத்தான் பார்ப்பான்.
விரல் துள்ளினால் சிரிப்பான்.
லொம்பொக்கில் அவன் அப்பாவுக்கு
இரண்டே மாடாம். எண்ணே தேவைப்படவில்லையாம்.

நானூற்றுப் பதினேழு வெள்ளைப் பசு.
பிராமன் கலப்பு, தொங்கு காது, தராசில் ஏற அடம்.
டாக்டர் ஊர்மிளா தோள்வரை கையுறை மாட்டி
சின்னத் திரையில் காட்டினார்:
சாம்பல் மூட்டத்தில் ஏதோ துடித்தது.
நாலு மாசம் என்றார். தேதியைத் தட்டினேன்.

நவம்பர் மழை. திங்கள் பெரட்டில்
அறுபத்திரண்டு கீச்.
கைப்பேசி அறுபத்துமூன்று என்றது.
417, ஒன்பதாம் பிளாக், இரவு இரண்டு பத்திலிருந்து
ஓய்வில் இருக்கிறது. உடல்நிலை நன்று.

போனோம்.
கம்பி அறுபடவில்லை;
யாரோ பக்குவமாய்க் கழற்றித் திரும்ப மாட்டியிருந்தார்கள்.
மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது.
சேற்றில் லோரி டயர்.
கருவியை நீட்டியபடி நடந்தேன்,
பனையடியில், மட்டைக் குவியலுக்கு இந்தப் பக்கம்
கீச்.

ஒரு காது.
மழையில் ரத்தமெல்லாம் போய்
வெள்ளையாய், மடிந்து,
இன்னும் எதையோ கேட்பது போல.

பெட்டியை அணைக்கத் தெரிந்தவர் யார் யாரென்று
என்சிக் ஹஸ்புல்லா கேட்டார்.
இரண்டு பேர்.
நான் சுபியானைப் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை.
அன்று தேநீரைத் தனித்தனியாய்க் குடித்தோம்.
"வில்லையைக் கழுவிக் கொண்டு வா,
ஒன்று நூற்றெண்பது ரிங்கிட்."

காதைப் புதைத்தேன். ஆழமில்லை.
வில்லையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து
ஆபீஸ் சன்னலில் வெயிலுக்கு வைத்தேன்.
பட்டியலிலிருந்து நீக்கக் காரணம் கேட்டது:
இறப்பு, விற்பனை, களவு.
களவை அழுத்தினால் போலீஸ் எண் கேட்டது.
எண் இன்னும் வரவில்லை.

சுபியானை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.
வேலி நகர்த்த இப்போது ஒரு நேப்பாளப் பையன்;
மீட்டரை மட்டும் நம்புகிறான்.
நான்தான் ஒருநாள் புல்லிதழை வைத்துப் பார்த்தேன்.
துள்ளிய விரலை
வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வெயில் பட்டுக்கொண்டே இருப்பதால்
வில்லைக்குச் சாவில்லை.
இன்று காலை கைப்பேசி அதிர்ந்தது:
417, ஆபீஸ் கட்டடம். ஓய்வில் இருக்கிறது.
கன்று ஈனப் பத்து நாள்.
தனிக் கொட்டிலுக்கு மாற்றவும்.