பதினொரு நொடி

நான்காண்டுப் படிப்பு. எனக்கு இது ஒன்பதாம் ஆண்டு.
பகலில் மொந்தேவிதேயோவின் பேருந்தொன்றில் சீட்டுக் கொடுக்கிறேன்.
மாலையில் உளவியல் துறைக்கு ஓடி
கூட்டம் வழியும் வகுப்பில், தரையில், கதவோரம்.
விஷயம் தெரிந்த பயணிகள்
சில்லறையோடு கனவையும் நீட்டுவார்கள்:
பல் விழுந்தது, ரயில் போய்விட்டது, என்ன அர்த்தம்?
பின்னால் நகருங்கள் என்பேன்.
புள்ளியியலில் மூன்று முறை விழுந்து
நான்காம் முறை எழுந்தபோது
ஓட்டுநர் வால்தெமார் ஹாரனை நீள அழுத்தினார்.
முன்னால் போன கார்க்காரன் கையை ஆட்டித் திட்டினான்.

இந்தப் பருவத்தில் நேர்காணல் பயிற்சி.
ஒருவரிடம் ஒரு மணி நேரம் கேள்.
கேட்டதை அப்படியே எழுது.
இருமலை எழுது, சிரிப்பை எழுது,
மௌனத்தை அடைப்புக்குறிக்குள் எழுது, நொடிக்கணக்கோடு.
பெயரை மட்டும் மாற்றிவிடு.
பேராசிரியை இபார்புரு சொன்னது அவ்வளவுதான்.

ஆகவே அவளை ஸுல்மா என்கிறேன்.
எங்கள் பணிமனையில் இரவெல்லாம் பேருந்து கழுவுபவள்.
உண்மைப் பெயரை இந்தக் கவிதைக்கும் சொல்லமாட்டேன்;
ஒப்புதல் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம்,
அவள் கை பட்ட இடத்தில் தாள் கொஞ்சம் உப்பியிருக்கிறது.

ஞாயிறு. துறை பூட்டியிருந்தது,
அதன் வாசற்படியிலேயே உட்கார்ந்தோம்.
தெரு முழுக்கச் சந்தை:
பூட்டில்லாத சாவிகள், சாவியில்லாத பூட்டுகள்,
கூண்டில் கேனரிகள், இடது கால் பூட்ஸ் ஒன்று மட்டும்.
கேட்டேன்: வீட்டில் ஏதோ மாறிப்போன நாள் ஒன்றைச் சொல்லுங்கள்.
சொன்னாள்: வீடு சத்தமில்லாமல் போன நாள்.

அப்புறம் (11).

எழுதும்போது அந்த இடத்தை நாற்பது முறை ஓட்டியிருப்பேன்.
ஒன்றாம் நொடியில் ஒரு நாய்.
மூன்றில் யாரோ எலுமிச்சை விலை கூவுகிறான்.
ஐந்தில் நான் மாத்தே உறிஞ்சுகிறேன்,
சுரைக்குடுவையில் தண்ணீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சுகிறேன்
கரகரவென்று, வெட்கமில்லாமல்.
எட்டில் ஒன்றுமில்லை.
ஒன்பதிலும்.
பத்தில் ஒரு மூச்சு உள்ளே போகிறது. அவளுடையது.
பதினொன்றில் 'அ'

அதன்மேல் என் குரல்:
உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?

மூன்று, என்றாள். உடனே.
சரியான சில்லறையைக் கையில் எண்ணி வைத்திருந்தவள்போல.

அந்த 'அ' எதன் தொடக்கம்?
எங்கள் ஸ்பானிய மொழியில்
நேற்றும் தண்ணீரும் இப்போதும் அங்கேயும்
அந்த ஒலியில்தான் தொடங்குகின்றன.
பாதிப் பெண்களின் பெயர்கள் அதில் முடிகின்றன.
வெறும் பெருமூச்சாகவும் இருக்கலாம்.
முட்டாள்போல அகராதியைப் புரட்டினேன்;
முதல் எழுத்துக்கே நூற்றுச் சொச்சம் பக்கம்.

பன்னிரண்டுக்கு ஏழு மதிப்பெண்.
ஓரத்தில், பென்சிலில், பேராசிரியை:
"இங்கே பயந்தது யார்?"
பதில் எழுத இடம் விடவில்லை.

எதிர்ப்பு, இடமாற்றம், தற்காப்பு
எல்லாவற்றுக்கும் வரையறை எழுதித் தேறியவள் நான்.
ஒன்றுகூட அந்தப் பத்தாம் நொடியில்
என் வாயைப் பொத்த வரவில்லை.

மறுபடி கேட்கலாம் என்றால்
படிவத்தின்படி நேர்காணல் முடிந்துவிட்டது.
வெள்ளி விடியலில் வேலை முடிந்து ஏறினாள்.
வழக்கமான ஜன்னல். ரப்பர் கையுறையை மடித்து மடியில் வைத்தாள்.
கூட்டமில்லை. கடல்போல் கிடக்கும் நதியிலிருந்து காற்று.
"என்ன குளிர்," என்றாள்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
ஒன்று.
இரண்டு. அவள் என்னைப் பார்த்தாள்.
மூன்று, நான்கு, வால்தெமார் எதற்கோ பிரேக் போட்டார்.
ஏழு.
எட்டில் அவளுடைய நிறுத்தம்.
எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் குனிந்து
"உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.
தொண்டை என்று
கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.