நானூற்றெட்டு

ராத்திரி ரெண்டு மணிக்கு
சர்வரை அப்கிரேடு பண்ணிவிட்டு
செக்காலை ரோட்டில் ஆறின புரோட்டா தின்றேன்.
எல்லா விளக்கும் பச்சை.

எட்டரைக்குப் புதுவயல் கிளையிலிருந்து போன்.
“சிகப்பிக்கா, எக்ஸ்ரே ஏற மாட்டேங்குது.
பாதியில நின்னு நானூற்றெட்டுங்குது.”

காரைக்குடியில் ஏறுகிறது.
கோட்டையூரில் ஏறுகிறது.
புதுவயலில் மட்டும் யாரோ ஒருவரின் முழங்கை
வழியில் நிற்கிறது.

கேபிளைச் சந்தேகப்பட்டேன்,
ஃபயர்வாலை, அப்புறம் போன் பண்ணின பையனையே.
மூன்று தடவை ரீஸ்டார்ட்.
லாகில் ஒரே வரி, நாற்பது தடவை:
இருபது விநாடி ஆயிற்று, துண்டித்தாயிற்று.

பழைய கான்ஃபிக்கைத் தோண்டினேன்.
ஷார்ஜாவுக்குப் போகுமுன்
அடைக்கலம் எழுதிவைத்த குறிப்பு அதில் கிடந்தது:
“புதுவயல் லைன் இழுத்து இழுத்துத்தான் வரும்.
முன்னூறு விநாடி பொறு.
குறைச்சா என்னைத்தான் கூப்பிடுவாங்க.”

புதுசுக்கு இதெல்லாம் தெரியாது.
இருபது வரை எண்ணும், கதவைச் சாத்தும்.
கெட்டது என்று சொல்ல மாட்டேன்.
மூச்சு வாங்கி வருகிறவர்கள் உண்டென்று
அதனிடம் சொல்லாமல் விட்டது
நான்.

முன்னூறு என்று அடித்தேன்.
குறிப்பையும் அப்படியே ஒட்டினேன்,
அவன் பிழையோடு, அவன் பெயரோடு.

நாலு நிமிஷம் பதினோரு விநாடி.
திரையில் மேலிருந்து கீழாக
வெள்ளை வெள்ளையாய் வந்திறங்கியது முழங்கை,
ஓரத்தில் மயிரிழை விரிசலுடன்.

டாக்டர் டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்,
“ஏம்மா இவ்வளவு நேரம்?”

லைன், என்றேன்.