மூன்று அங்குல ஆணி

எங்கள் பக்கத்தில் ஸ்திரீபார்ட் என்பார்கள்.
கனடியப் படையின் பதிவேட்டில்
அதற்கொரு கட்டம் இல்லை.
லெஸ்லி டன்மோர், தொழில்: எழுத்தர்
என்று போட்டுக்கொண்டார்கள்.

மூஸ் ஜா. மெயின் தெருவில் இரும்புக்கடை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று, மார்ச் கடைசி.
பனி உருகித் தெரு முழுக்கக் களிச்சேறு.
வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தத்தை வைத்தே
ஆளைச் சொல்லிவிடுவான்:
இது வங்கிக்காரர், இது மாட்டு வைத்தியர்.
இந்தக் கால்கள் தட்டவில்லை.
வந்து நின்றன.

"மூணு அங்குல ஆணி," என்றாள்.
"எத்தனை பவுண்டு?"
பதில் இல்லை.
கையுறையைக் கழற்றாமல்
ஒரு பெயரைச் சொன்னாள்.
ஆர்ச்சி மெக்கேய்.

*

பிரான்சில் ஒரு வைக்கோல் கொட்டகை.
இருநூறு பேர் கொள்ளும் இடத்தில் நானூறு பேர்.
கொசுவலையில் தைத்த பாவாடை,
சணலைப் பிரித்து முடைந்த கூந்தல்,
லண்டனிலிருந்து வந்த ஒரே ஒரு உதட்டுச்சாயம்,
அதையும் நகத்தால் சுரண்டித்தான் பூச வேண்டும்.
மிஸ் டெய்ஸி மேடையேறினால்
பின்வரிசை எழுந்து தொப்பியைக் கழற்றும்.
கேலிக்கு இல்லை.
பாவாடைக்குக் கீழே பூட்ஸ் இருப்பது
எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்துதான் கழற்றினார்கள்.

அன்றைக்கு மூன்றாம் பாட்டின் நடுவில் ஆள் வந்தது:
ஸ்ட்ரெச்சர் தூக்கக் கை போதவில்லை.
கூந்தலை எறிந்தான், கால்சட்டைக்குள் நுழைந்தான்.
அரிதாரம் கலைக்க நேரமில்லை.

எட்டாவதாகத் தூக்கியது ஆர்ச்சியை.
வயிற்றில் பட்டிருந்தது.
வெளிச்சக்குண்டு ஒன்று வானத்தில் விரிந்து
இறங்க மனமில்லாமல் தொங்கியபோது
அவன் கண்ணைத் திறந்தான்.
மேலே மை தீட்டிய கண், சிவந்த உதடு.
"வின்னி," என்றான், "அடுப்பு எரியுதா?"

லெஸ்லிக்குத் தொண்டையில்
குரல் தானாக ஏறிவிட்டது.
"எரியுது. நல்லா எரியுது. நீங்க தூங்குங்க."

அதை நடிப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
நடிப்பில்லை என்றும் சொல்ல முடியாது,
சுருதி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

முன்பக்கம் சுமந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆனால் கேட்டிருக்கிறான்.
ரெஜைனாவில் ஒரு குடியில்
யாரிடமோ உளறியது
நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றி
வின்னியிடம் வந்து சேர்ந்தது.

*

"கல்லில் பேர் வெட்டப்போறாங்க," என்றாள்.
"நன்கொடை கேட்டாங்க, கொடுத்தேன்.
கடைசியா அவர் கேட்ட என் குரல்
எப்படி இருந்ததுன்னு
எனக்குத் தெரியணும்."

கடையின் மூலையில் ஒருத்தர் கயிறு அளந்துகொண்டிருந்தார்.
அவரும் அந்தக் கொட்டகையில் இருந்தவர்தான்,
எழுந்து தொப்பியைக் கழற்றியவர்தான்.
இங்கே வந்த பிறகு, சவரக்கடையில்,
"என்ன டெய்ஸி?" என்று கண்ணடிப்பார்.
திரும்பி வந்ததிலிருந்து லெஸ்லி
அந்தக் குரலைத் தனியறையில்கூட எடுத்ததில்லை.

டப்பாவிலிருந்து ஆணிகளை அள்ளித்
தராசில் கொட்டினான்.
முள் ஆடியது. நிற்கும்வரை பார்த்தான்.
தலை நிமிராமல், அந்தக் குரலில்,
"மூணு பவுண்டு இருக்கு. போதுமாங்க?"

கயிறு அளந்த கை
பாதி கஜத்தில் நின்றது.

வின்னி கண்ணை மூடித் திறந்தாள்.
"என் குரல் இவ்வளவு நல்லா இருக்காது,"
என்றாள்.

காசை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.
ஐந்து சென்ட் அதிகமாக இருந்தது.
எந்தக் குரலில் கூப்பிடுவது என்று
அவன் யோசித்து முடிப்பதற்குள்
அவள் தெருச் சேற்றில் இறங்கியிருந்தாள்,
ஆணிப்பொட்டலத்தைக்
குழந்தையைப் போல் அல்ல,
ஆணிப்பொட்டலத்தைப் போலவே
பத்திரமாகப் பிடித்துக்கொண்டு.