எதிர்த்தரப்பு வாகனம்: இல்லை

திங்கள் முதல் வெள்ளி வரை
டர்பனில், ஆறாவது மாடியில்,
மோதிக்கொண்டவர்களைப் படிப்பது என் வேலை.
இடது கணுக்கால், இரண்டு இடத்தில் முறிவு.
பார்க் ரைனி திருப்பம், மழை, பின்னால் வந்த லாரி.
ஒரு முழங்காலுக்கு எவ்வளவு என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
வீட்டுக்குப் போகும் பேருந்தில்
முன்கண்ணாடி தெரியாத இருக்கையாகப் பார்த்து உட்காருவேன்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை
கரும்புக்குள் போகிறேன்.

உம்சிண்டோவில் கடைசிக் கடை மசாலாக் கடை.
அதன் பின்சுவரோடு தார் முடிகிறது.
அங்கே இறங்கி
டயரிலிருந்து கொஞ்சம் காற்றை விட்டுவிடுவேன்.
சரளையில் விறைத்துக்கொண்டு போனால்
பல்தான் ஆடும்.
கட்டைவிரலால் அமுக்கினால்
முக்கால் பழுத்த மாம்பழம் மாதிரி இருக்க வேண்டும்.

பிறகு ஒரே சத்தம்தான்,
சக்கரத்துக்கு அடியில்
யாரோ அரிசி களைந்துகொண்டே வருவதுபோல.

இரண்டு பக்கமும் ஆளை விழுங்கும் கரும்பு.
கடல் தெரியாது.
திருப்பத்துக்குத் திருப்பம் உப்புக்காற்றை அனுப்பி
எதுவரை வந்தாய் என்று விசாரிக்கும்.
வெட்டி முடித்த வயல் ஒன்றில் திடீரென்று
மொத்த நீலமும் எழுந்து நிற்கும்.
டர்பனை நோக்கி ஒரு கப்பல்,
யாரையும் இடிக்காமல்.

வரைபடத்தில் இந்தப் பாதைகளுக்குப் பெயரில்லை.
நான் வைத்ததுதான்:
குரங்கு மதகு.
மூச்சுமுட்டி மேடு.
ரெட்டைத் தைலமரம்.
பூட்டாத கேட்.

பூட்டாத கேட்டுக்குக் காவல் ஷோஸி.
இருபத்தி மூன்று வயது, ஒரு காதில் மட்டும் பாட்டு.
முதல் தடவை என்னை நிறுத்திக் கேட்டான்:
"அக்கா, யார் துரத்துகிறார்கள்?"
யாருமில்லை என்றேன்.
எனக்குப் பின்னால் பாதையை
ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான்
சங்கிலியை அவிழ்த்தான்.

ஜூன் மாதம், மூன்றாம் ஞாயிறு.
முந்தின இரவு எங்கோ வயல் கொளுத்தியிருந்தார்கள்;
கருஞ்சாம்பல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.
இஃபாஃபா கழிமுகத்துக்குச் சரியும் வளைவில்
மணல் புதிதாகக் குவிந்திருந்ததை நான் பார்க்கவில்லை.
முன் பிரேக்கைப் பிடித்தேன்.
பிடிக்கக் கூடாது.

விழுந்தபடியே
முதலில் செய்தது, காதைத் தீட்டியது.
கோப்புகளில் எப்போதும்
விழுவது அல்ல, அடுத்து வருவதுதான் ஆளை முடிக்கும்.
நான் காத்திருந்தேன்.
ஹாரன் இல்லை. டயர் அலறல் இல்லை.
கரும்புத் தோகை, காற்று,
மெல்ல மெல்ல நின்றுபோகும் என் பின்சக்கரம்.

படுத்துக்கொண்டே படிவத்தை நிரப்பினேன்:
நேரம், ஏழு இருபது.
வானிலை, தெளிவு, சாம்பல் தூறல்.
எதிர்த்தரப்பு வாகனம், இல்லை.
சாட்சி, மின்கம்பத்தில் ஒரு ஹடீடா.
கத்தியது. யார் தரப்பு என்று தெரியவில்லை.
தவறு யாருடையது?

பதினோரு வருடமாக அந்தக் கட்டம்
காலியாக இருந்ததே இல்லை.
யாராவது ஒருவரை எழுதியிருக்கிறேன்.
உள்ளங்கையில் ஒரு கல் புதைந்திருந்தது,
உளுந்து அளவு.
நகத்தால் நெம்பி எடுத்தேன்.
கொஞ்சநேரம் அப்படியே கிடந்தேன்,
வலித்ததால் மட்டும் அல்ல.

ஷோஸி தண்ணீர் புட்டியைக் கவிழ்த்து
முழங்காலைக் கழுவிவிட்டான்.
அப்போதும் பாதையைத்தான் பார்த்தான்.
"யாருமில்லை" என்று இந்தத் தடவை அவனே சொன்னான்.

திங்களன்று நொண்டிக்கொண்டு போனேன்.
"எந்த வண்டி?" என்றாள் பக்கத்து மேசை செல்வரூபி.
வண்டி இல்லை என்றதை
அவள் இன்னும் நம்பவில்லை.
எத்தனை தொகை கேட்கப் போகிறேன் என்று
மதியம் வரை கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கைப்பிடி இப்போதும்
ஒரு விரற்கடை இடப்பக்கம் கோணல்.
நிமிர்த்த ஐந்து நிமிடம் போதும், நிமிர்த்தவில்லை.
தெற்கே போகும்போது இடப்பக்கம் கடல்.
திரும்பி வரும்போது
கரும்பு.