கொடுக்காத கடிதம்

மண்டபம் ஸ்டேஷனில் பதினோரு பேர்,
ஒரு சக்கர நாற்காலி, மாத்திரை டப்பாக்கள்.
"எந்தச் சண்டை, ஐயா?" என்றது மைக்.
நாயக் சந்தியாகு காதுக்கருவியைத் திருகி
"சாப்பிட்டாச்சு" என்றார்.

டெல்லியில் கல் கல்லாகப் பெயர்கள்.
சிக்கந்தரைத் தேடி எடுப்பதற்குள்
வெயில் தோள் மாறிவிட்டது.
சல்யூட்டுக்குக் கை போனது,
வாய் வேறெங்கோ போனது:

"டேய், உன் உம்மாவிடம் கொடுக்கச் சொன்ன கடிதத்தை
அன்றைக்கே பிரித்துப் படித்தேன்.
என் குறட்டையைப் பற்றி அரைப் பக்கம்.
கம்பளியைத் திருடியதும் நான்தானாம்.
கோபத்தில் பெட்டிக்குள் போட்டேன்.
மறுநாள் நீ இல்லை.
பிறகு எந்த முகத்தோடு?"

பின்னால் நின்றவர் செருமினார்.
அவருக்கும் ஒரு பெயர் தேட வேண்டும்.

ஊர் வந்து பெட்டியைத் திறந்தேன்.
உப்புக்காற்றில் மை ஊறிப்போய்
'குறட்டை' மட்டும் தெளிவாக.

தொண்டிக்கு முதல் பஸ் ஐந்தேகாலுக்கு.
பதக்கத்தைக் கழற்றி வைத்தேன்.