முதல் தடவையா?

ஓல்ட்டன் முதியோர் இல்லத்துச் சமையலறை.
பத்தேகால் இடைவேளை.
கைபேசியைச் சீனிப்போத்தலில் சாய்த்து வைத்து
பாங்கொக்கைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இது படுத்திருக்கும் புத்தர்,
பாதம் மட்டுமே ஒரு பஸ் உயரம்.
இது பேரங்காடி, நிலக்கீழ்த் தளத்தில் சுறா நீந்துகிறது.
அதே கட்டடத்தின் பின்சுவரில் ஒட்டிய தகரக் கொட்டிலில்
ஒருத்தி கணவாய் சுடுகிறாள்.
இது மின்கம்பம்.
இல்லை ஊர்ஸ், குருவிக்கூடு இல்லை, வயர்தான்.

எங்கள் வயர் எல்லாம் மண்ணுக்குள்ளே என்கிறார் ஊர்ஸ்,
தன் கையாலேயே புதைத்தவர் போல.
பிரிகிட்டாவுக்குக் கோயில் வேண்டாம், சாப்பாடு வேண்டும்.
"சோற்றோடு மாம்பழமா?"
எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்து
அடுத்த படத்தைத் தள்ளினேன்.

"முதல் தடவையா?"

ஓம் என்றேன்.

தொண்ணூற்றாறில் அங்கே கிடந்த நூற்றுநாற்பது நாளை
ஒரு தடவை என்று எண்ணலாமா, எனக்குத் தெரியாது.
பிரதுனாமில் மூன்றாம் மாடி.
ஒன்பது பேர், ஆறு பாய்.
ஜன்னலில் ஒட்டிய தாய்லாந்துப் பேப்பரின் கிழிசலுக்குள்
விளம்பரப் பலகைப் பெண்ணொருத்தியின் முழங்கால்.
முகம் கடைசிவரை தெரியவில்லை.
ஏஜென்சிக்காரன் வந்தால்தான் கதவு திறக்கும்.
"அடுத்த கிழமை" என்பதை
அவன்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

நகரம் காதுவழி வந்தது.
கால்வாய்ப் படகு உறுமிக்கொண்டு போகும்.
தகரத்தில் மழை.
கீழே கார் தரிப்பிடத்துக் காவலாளி விசில் ஊதுவான்,
ஊதுவான், காரே வராவிட்டாலும் ஊதுவான்.
குகநேசன் அதற்குப் பலன் சொல்வான்,
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பல் தீட்டியபடி:
இரண்டு குட்டை ஒரு நெட்டை என்றால்
யாருக்கோ டிக்கெட் வந்துவிட்டது.
ஒரே நெட்டை என்றால்
இன்றைக்கு ஒருத்தரும் அசையமாட்டோம்.
பெரும்பாலும் ஒரே நெட்டைதான்.
ஒரு பின்னேரம் ஐஸ் வாங்கப் போனான்.
அன்று எந்த விசிலும் கேட்டதாக ஞாபகமில்லை.

இந்தமுறை பதினேழாம் மாடி, நீச்சல் குளம்,
சிவப்புக் கடவுச்சீட்டு.
விமான நிலையத்துப் பெண் முகம் நிமிராமலே
முத்திரை குத்தினாள். மூன்று விநாடி.
மனைவியும் மகளும் துணிக்கடையில் பேரம் பேச
நான் தெருவில் நின்று மூன்றாம் மாடிகளை எண்ணினேன்.
எல்லாக் கட்டடத்துக்கும் மூன்றாம் மாடி இருந்தது.
ஒருநாளும் வெளியிலிருந்து பார்க்காத வீடு.
அடையாளம் சொல்ல என்னிடம் ஒரு முழங்கால்தான்.

கண்ணை மூடினேன்.
டுக்-டுக்காரன் ஒருவன் "மை ஃபிரெண்ட், டெம்பிள்?" என்றான்.
பெட்ரோல், எலுமிச்சம்புல், சாக்கடை,
மல்லிகை மாலை விற்கிற பிள்ளையின் குரல்,
அப்புறம் அது.
இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

வெள்ளைக் கையுறை, தொளதொள சட்டை,
தொண்ணூற்றாறில் பிறந்தே இருக்கமாட்டான்.
கையில் நூறு பாட்டை வைத்தேன்.
ஏனென்று கேட்கவில்லை, விறைப்பாகச் சல்யூட் அடித்தான்.
ஓடிவந்த மகள்தான் கேட்டாள்:
"அப்பா, நாங்கள் காரில் வரவில்லையே?"

"இது யார்?" ஊர்ஸ் படத்தைத் தட்டுகிறார்.
தரிப்பிடத்துக் காவலாளி.
"அவ்வளவு கோயில் இருக்க, இவனையா?"
நல்ல சட்டை என்றேன்.
கோப்பைகளைக் கழுவி வைக்கிறோம்.
இருபத்திரண்டு கிலோ உருளைக்கிழங்கு காத்திருக்கிறது,
தோல் சீவும் இயந்திரம் நேற்றே பழுது.

திறந்த ஜன்னலுக்கு வெளியே, ஆரே ஆற்றுக்கு அப்பால்,
ஸ்டேஷனில் கண்டக்டர் விசில் ஊதுகிறார்.
ஒரே நெட்டை.

கத்தியை வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

ரயில் கிளம்பிவிட்டது, குகன்.