மூன்று குறைகிறது

புன்டா அரேனாஸில் ஜூன் மாதம்
காலை பத்துக்குத்தான் விடியும்.
யஸ்னா கோவாசிச் ஏழரைக்கே வந்து
ஹீட்டரை உதைத்து எழுப்பினாள்.

ஒரே அடைவில்
பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகள்.
எல்லாவற்றுக்கும் ஸ்கேனர் வைத்த பெயர்,
பிரசவ வார்டில் கையில் கட்டும் நம்பர் மாதிரி.
உள்ளே, கூர்முனைக் குறிகளுக்கு நடுவே,
ஒரு கலங்கரை விளக்கத்தின்
முப்பத்தொரு வருடமும் சில மாதமும்:
தேதி, காற்று, எண்ணெய், கடந்து போன கப்பல்.

தேதியை வெளியே இழு.
அதையே பெயராக வை.
வருடத்துக்கு ஓர் அறை.
நாலு வரிச் சுழல்தான்.
முதலில் எக்கோ போட்டு ஒத்திகை பார்த்தாள்;
பெயர்கள் ஓடின, எதுவும் நகரவில்லை.
பிறகு எக்கோவை அழித்தாள்.

எம்வி. இரண்டெழுத்து.
பெயர்வதும் பெயர் மாறுவதும்
அதற்கு ஒரே வேலை.
ஏன் என்று கேட்காது.
மாத்தே குடுவையில் இரண்டாம் தண்ணீர் ஊற்றுமுன்
முடித்துவிட்டது.

எண்ணினாள்.
பதினோராயிரத்து நானூற்று ஒன்பது.

மறுபடி எண்ணினாள்,
இயந்திரத்தின் கணக்கு மனம் மாறாது
என்று தெரிந்தும்.

நல்லவேளை, பிரதி எடுத்த டிஸ்க் கோட்டுப் பையில்.
தேதிகளை வரிசையில் நிறுத்தி
இரட்டைகளை மட்டும் முன்னால் வரச் சொன்னாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று,
ஆகஸ்ட் பதினான்கு, பதினைந்து, பதினாறு.

ஒரே விளக்கு, ஒரே அடுப்பு,
இரண்டு நோட்டு.

எலியாசர் பராவோனா:
தென்மேற்குக் காற்று. கப்பல் இல்லை.
துணைக் காவலர் பேசவில்லை.

ஃப்லோரிந்தோ முன்யோஸ்:
தென்மேற்குக் காற்று. கப்பல் இல்லை.
தலைமைக் காவலர் பேசவில்லை.

மூன்று நாளும் இதேதான்.
ஒரே பெயர் கொடுத்தால்
பின்னால் வந்தவர் முன்னால் வந்தவர்மேல்
உட்காராமல் என்ன செய்வார்?
இவ்வளவு வருடம் கழித்து
முன்யோஸ் ஜெயித்திருந்தார்,
ஒன்பது நிமிடம்.

பிரதியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொட்டினாள்.
ஏற்கெனவே இருப்பதன்மேல் எழுதாதே என்று
ஒரு கொடி சேர்த்தாள்.
அந்த ஆறு கோப்புக்கு மட்டும்
தேதிக்குப் பின்னால் ஆளின் பெயர்.
பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

ஜன்னலில் இன்னும் இருட்டு.
வேலைக்குத் தேவையில்லைதான்,
பதினேழாம் தேதியைத் திறந்தாள்.
ஒரே கோப்பு.
காவலர் என்ற குறிகளுக்கு நடுவே ஒன்றுமில்லை.
காற்று குறைவு.
புகைபோக்கியைக் கழற்றித் துடைத்தோம்.

அதற்குத் தேதி மட்டும் போதுமாக இருந்தது.